அரசு வீழ்ந்தபின் நீடிக்கும் யுத்தம்: திண்டுக்கல் சீமை, 1799–1805

ஒரு தேசத்தின் தலைநகர் பிடிபட்டு, அதனை ஆண்டவன் மாண்டோ சிறைப்பட்டோ ஓடியோ போய், வென்றவர் தம் கொடியைக் கோட்டைமேல் ஏற்றிவிட்ட பின்னரும், போர் ஓயாமல் வேறிடங்களில் வேறு தலைவர்களின்கீழ்த் தொடர்வது உலக சரித்திரத்தில் அபூர்வமன்று. அரசைக் கவிழ்ப்பதற்காக நிகழ்ந்த சண்டையைவிட, கவிழ்ந்தபின் நிகழ்ந்த சண்டையே நீண்டதாகவும் கொடியதாகவும் அமைந்த சந்தர்ப்பங்கள் பல. பிரான்சில் மூன்றாம் நெப்போலியன் 1870 செப்டம்பர் 2ஆம் நாள் செடானில் சிறைப்பட்டு, இரண்டு நாட்களில் அவனுடைய பேரரசே இல்லாமற் போனபோதும், பாரிஸில் எழுந்த குடியரசு 1871 ஜனவரி இறுதிவரை எதிரியோடு பொருதிற்று. 2003 ஏப்ரல் 9ஆம் நாள் பாக்தாத் வீழ்ந்தபோது முடிந்ததாக எண்ணப்பட்ட ஈராக் யுத்தம், அதன் பின்னரே தன் மெய்யுருவத்தைக் காட்டிற்று. தமிழ்நாட்டில் இதற்குக் கிடைக்கும் தெளிவான திருஷ்டாந்தம், 1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் மடிந்தபின், திண்டுக்கல் சீமையிலும் கொங்கு நாட்டிலும் பாஞ்சாலங்குறிச்சி, சிவகங்கை வட்டாரங்களிலும் 1805 வரை அவிந்தும் மூண்டும் நடந்த பாளையக்காரர் போராகும்.

பழனிக்கு மேற்கே மலையடிவாரத்தில், இன்று கரும்பு வயல்களாலும் வெல்லச் சந்தையாலும் அறியப்படும் நெய்க்காரப்பட்டியில் நின்று கிழக்கு நோக்கினால், பழனி, ஆயக்குடி, விருப்பாட்சி, அப்பால் கன்னிவாடி என மலையை ஒட்டியே வரிசையாகச் செல்லும் பழைய பாளையங்களின் நிலம் இப்போரின் ஒரு முக்கியக் களம் என்பது விளங்கும். தெற்கே ஏறுவதற்கு அரிய பழனிமலைத் தொடர், வடக்கே கொங்குச் சமவெளி, கிழக்கே திண்டுக்கல் பாறைக்கோட்டை, மேற்கே ஆனைமலைக் காடுகள் என்ற இந்த அமைப்பில், கோட்டையைப் பிடித்தவனுக்குச் சமவெளியின் பெருவழி கிடைத்ததே தவிர, அடிவாரமும் மலையும் அதனோடு சேர்ந்து கிடைத்துவிடவில்லை.

அந்தக் கோட்டை கைமாறிய வரலாறே நம் விஷயத்திற்கு நல்லதொரு பீடிகை. 1755இல் ஹைதர் அலி மைசூர் அரசின் பௌஜ்தாராகத் திண்டுக்கல்லுக்கு வந்தான். 1783இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதைக் கைப்பற்றி, 1784இன் மங்களூர் உடன்படிக்கைப்படி திப்புவிடம் திருப்பிக் கொடுத்தது. 1790இல் கர்னல் ஸ்டூவர்ட் மீண்டும் பிடித்தான். 1792இன் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சீமை முழுவதும் கம்பெனிக்கு உரிமையாயிற்று. நாற்பது ஆண்டுகளுக்குள் இத்தனை எஜமானர்களைக் கண்ட ஒரு நாட்டில், கோட்டைமேல் எந்தக் கொடி பறக்கிறது என்பதைவிட, தம் ஊர்க் காவல்வரியை யார் வாங்குகிறார், தம் கண்மாய் மடையை யார் திறக்கிறார் என்பதே குடிகளுக்குக் கண்கூடான அரசாங்கமாக இருந்ததில் வியப்பில்லை.

பாளைய முறையின் இயல்பு இதனை இன்னும் தெளிவாக்கும். பதினாறாம் நூற்றாண்டில் மதுரையில் விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை எழுபத்திரண்டு பாளையங்களாக வகுத்தனர் என்பது வழக்கு. எண்ணிக்கை எவ்வாறாயினும், பாளையக்காரன் படை வைத்திருந்தான், வழக்குத் தீர்த்தான், தேசகாவல், ஸ்தலகாவல் என்னும் காவல் வருமானங்களைப் பெற்றான், மேலிடத்திற்குக் கப்பம் செலுத்தினான் என்பதில் ஐயமில்லை. 1736இல் மதுரை நாயக்க அரசு மறைந்தது, பாளையங்கள் மறையவில்லை. ஆர்க்காட்டு நவாப் வந்தார், மைசூரார் வந்தனர், கம்பெனியார் வந்தனர். மேலே இருந்தவர் மாறமாறக் கீழே இருந்தவர் கப்பம் செலுத்தும் திசையை மாற்றிக்கொண்டனரேயன்றித் தம் இருப்பை மாற்றிக்கொள்ளவில்லை. இத்தகைய நாட்டில் ‘அரசு’ என்பது ஒரே உடலன்று. பல சிறு அதிகாரங்கள் தம்முள் செய்துகொண்ட, எப்போதும் பாதி மீறப்பட்டே வந்த ஓர் ஒப்பந்தம் அது. உச்சியில் இருந்தவன் வீழும்போது ஒப்பந்தம் கலைகிறது. அதில் கட்டுப்பட்டிருந்தவர்கள் கலைந்து போவதில்லை.

இதற்கு முன்னோட்டமாக 1772ஆம் ஆண்டுச் சம்பவம் ஒன்றைக் கூறலாம். அவ்வாண்டு ஜூன் மாதம் நவாபின் படையும் கம்பெனிப் படையும் காளையார்கோவிலைத் தாக்கிச் சிவகங்கை அரசர் முத்துவடுகநாதத் தேவரைக் கொன்றன. சீமை நவாபின் கைக்குப் போயிற்று. சிவகங்கைக்கே உசேன் நகர் என்று வேறு பெயரும் இடப்பட்டது. அரசர் இறந்தார், தலைநகர் போயிற்று, பெயரும் மாறியது. ஆயினும் யுத்தம் முடியவில்லை. அரசி வேலு நாச்சியார் தம் மகளோடும் மருது சகோதரர்களோடும் திண்டுக்கல் சீமைக்குள் வந்து, விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கரின் ஆதரவிலும் ஹைதர் அலியின் துணையிலும் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் காத்திருந்து, 1780இல் படையுடன் திரும்பிச் சிவகங்கையை மீட்டார். வென்றவர்கள் எட்டாண்டுக்கு முன்பே முடித்துக் கணக்கெழுதிவிட்ட போரை, அண்டைச் சீமையில் அடைக்கலம் பெற்ற ஒரு விதவை அரசி மறுபடி திறந்தார். அடைக்கலம் தரும் அயல்நிலம் ஒன்று இருக்கும்வரை எந்தக் கவிழ்ப்பும் முற்றுப்பெறுவதில்லை என்பதைப் பிற்காலத்து ஆப்கானிஸ்தானம் உலகுக்குக் காட்டியது. 2001 நவம்பரில் காபூலை இழந்த தாலிபான்கள் எல்லைக்கு அப்பால் ஒதுங்கியிருந்து 2021 ஆகஸ்டில் அதே நகருக்குத் திரும்பினர்.

திப்புவின் வீழ்ச்சிக்குப் பிறகு

1799 மே மாதம் மைசூர் அரசு கவிழ்ந்தவுடன், கம்பெனியார் உடையார் வம்சத்துச் சிறுவன் மூன்றாம் கிருஷ்ணராஜனை ஜூன் இறுதியில் சிம்மாசனத்தில் அமர்த்தி, திப்புவின் அமைச்சராகவே இருந்த பூர்ணையாவைத் திவானாக வைத்துக்கொண்டனர். இது விவேகமான காரியம். மைசூரின் நடுப்பகுதி பெரும்பாலும் அமைதியாயிற்று. ஆனால் ஓர் அரசை நடத்தத் திவானும் சிம்மாசனமும் போதுமாயினும், அந்த அரசின் சோறு தின்ற பல்லாயிரம் குதிரைவீரருக்கும் காலாட்களுக்கும் கோட்டைக் காவலருக்கும் அவை போதா. வேலை இழந்து, குதிரையும் ஆயுதமும் கையிலிருக்க, சம்பளம் தர யாருமில்லாமல் வெளியே விடப்பட்ட வீரனைப்போல் அபாயமானவன் எந்த நாட்டிலும் இல்லை. ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த குழப்பத்தில் சிறையிலிருந்து வெளிவந்த தூந்தியா வாக் என்னும் தளகர்த்தன் இத்தகைய வீரர்களைத் திரட்டிக்கொண்டு, தன்னை ஈருலகுக்கும் அரசன் என்று பட்டம் சூட்டிக்கொண்டு, 1800 செப்டம்பர் 10ஆம் நாள் ஆர்தர் வெல்லஸ்லியின் படையால் கொல்லப்படும்வரை வடக்கே கம்பெனியை அலைக்கழித்தான். ஈராக்கில் 2003 மே 23ஆம் நாள் பழைய ராணுவம் முழுவதையும் ஒரே உத்தரவால் கலைத்துவிட்ட அமெரிக்க நிர்வாகிகள், தூந்தியா வாக்கைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை.

இனி ஒரு முக்கியமான கேள்வி. திண்டுக்கல் சீமைப் பாளையக்காரர்கள் திப்புவுக்காகப் போரிட்டார்களா? ஹைதரும் திப்புவும் கப்ப பாக்கியை முன்னிட்டுப் பாளையங்கள் பலவற்றைப் பறித்தவர்கள். அவர்கள்மீது இச்சீமையில் கசப்பு இல்லாமலில்லை. அப்படியிருந்தும் திப்பு மறைந்தபின் போர் இங்கே தணியாமல் தீவிரமாயிற்று என்றால், அது அவருடைய அரசை மீட்பதற்கான போர் மட்டும் அன்று என்பது சொல்லாமலே அமையும். கம்பெனியார் 1792க்குப் பின் கலெக்டர்களை நியமித்தனர். 1796 முதல் அப்பதவியில் இருந்த ஹர்டிஸ் நிலங்களை அளக்கவும் தீர்வையைத் திட்டப்படுத்தவும் முற்பட்டார். மைசூரார் கப்பத்தை உயர்த்தினர், தாமதமானால் பாளையத்தைப் பறித்தனர். கம்பெனியாரோ காவல் உரிமையையே எடுத்துவிடவும், படையைக் கலைக்கவும், கோட்டையை இடிக்கவும், பாளையக்காரனைக் கணக்குக் கொடுக்கும் குடியாக்கவும் எண்ணினர். முன்னது பாரம், பின்னது நாசம். திப்பு உயிரோடிருந்தவரை இரு பெரிய அரசுகளுக்கு நடுவே ஒருவரைக் காட்டி மற்றவரிடம் பேரம் பேசும் வழி பாளையக்காரனுக்கு இருந்தது. அவர் வீழ்ந்ததும் அந்த வழி அடைபட்டு, பேரத்திற்குப் பதிலாகப் போர் ஒன்றே மிஞ்சியது. மைசூர் அரசு கவிழ்ந்தும் போர் நீடித்தது என்பதைவிட, அது கவிழ்ந்ததனாலேயே நீடித்தது என்பது இச்சீமையைப் பொறுத்தவரை உண்மைக்கு நெருக்கமானது.

கோபால நாயக்கர் இந்நிலையில் திண்டுக்கல் சீமைப் பாளையக்காரர் கூட்டணியின் தலைவரானார். 1800 ஏப்ரலில் விருப்பாட்சியில் கூடிய பிரதிநிதிகள், கோயம்புத்தூர்க் கோட்டையிலிருந்த கம்பெனிக் குதிரைப்படையை ஜூன் 3ஆம் நாள் தாக்குவதெனத் திட்டமிட்டனர். தூந்தியா வாக்கையும் துணைக்கு அழைக்கத் தூது போயிற்று. திட்டம் முன்கூட்டியே வெளிப்பட்டுத் தாக்குதல் தோற்றது. பிடிபட்டவர்களுள் நாற்பதுக்கும் மேற்பட்டோர் கோயம்புத்தூரிலும் தாராபுரம் முதலிய ஊர்களிலும் தூக்கிலிடப்பட்டனர். இம்முயற்சியில் நாயக்கரும் கவுண்டரும் முஸ்லிம் வீரர்களும் ஒருங்கே இருந்தனர். ஒரே கொடியின்கீழ் இவர்களைச் சேர்க்கத் திப்புவால் அவர் இருந்தபோது முடிந்ததோ என்னவோ. இல்லாத திப்பு அதனை எளிதாகச் செய்தார். உயிரோடிருக்கும் அரசன் வரி கேட்பான், தண்டிப்பான், ஒருவனை உயர்த்தி மற்றவனைத் தாழ்த்துவான். மறைந்த அரசனிடம் எவருக்கும் புதிய குறை பிறப்பதில்லை. 1806 ஜூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் கம்பெனிச் சிப்பாய்களே மைசூரின் கொடியை ஏற்றியபோது, திப்பு மாண்டு ஏழாண்டுகள் ஆகியிருந்தன.

தோல்வியை ஒப்புக்கொள்ளத் தக்கவன்

போர் முடிவதற்கு வெற்றி மட்டும் போதாது. தோற்ற தரப்பில் ‘தோற்றோம், ஆயுதத்தைக் கீழே வையுங்கள்’ என்று சொல்லவும், சொன்னால் கேட்கப்படவும் தக்க ஒருவன் வேண்டும். அரசைக் கவிழ்ப்பவர்கள் பெரும்பாலும் முதலில் அழிப்பது அவனைத்தான். ஜப்பானில் 1945 ஆகஸ்ட் 15ஆம் நாள் சக்கரவர்த்தியின் குரல் வானொலியில் ஒலித்தபின், பர்மாவிலிருந்து பசிபிக் தீவுகள்வரை சிதறிக்கிடந்த பெரும்படைகள் சில வாரங்களில் சரணடைந்தன. சக்கரவர்த்தியைச் சிம்மாசனத்தில் விட்டுவைத்ததே அதனைச் சாத்தியமாக்கிற்று. லிபியாவில் 2011 அக்டோபர் 20ஆம் நாள் கடாபி கொல்லப்பட்டார். சொன்னால் கேட்கப்படும் ஒருவரும் எஞ்சவில்லை. 2014இல் அங்கே இரண்டாம் யுத்தம் மூண்டது.

பாஞ்சாலங்குறிச்சியில் நடந்தது இதுவே. 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மன் கோட்டையைத் தாக்கினான், வீரபாண்டிய கட்டபொம்மன் பிடிபட்டு அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார், கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது, மற்றப் பாளையக்காரர்கள் கோட்டைகளை இடித்து ஆயுதங்களை ஒப்படைக்கவேண்டுமென்று பிரகடனம் பிறந்தது. காகிதத்தில் இதைவிட நிறைவான முடிவு இருக்கமுடியாது. 1801 பிப்ரவரி 2ஆம் நாள் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் தோழர்களும் தப்பினர். இடிந்த கோட்டை சில நாட்களில் மண்ணால் மீண்டும் எழும்பிற்று. அதனை மறுபடி பிடிக்க மே 24ஆம் நாள்வரை கம்பெனிக்கு வேண்டியிருந்தது. முதல் முறை அதன் தலைவரைத் தூக்கிலிட்டவர்கள், இரண்டாம் முறை அதைவிடப் பன்மடங்கு சேனையோடு வரவேண்டியதாயிற்று. வாய்பேசாதவர் என்று ஊர் சொன்ன தம்பிக்கு அண்ணனைவிட அதிக ஆட்கள் திரண்டது, தண்டனையால் அச்சம் விளையும் என்று எண்ணிய மேஜருக்குச் சரித்திரம் அளித்த விடை.

அவ்வாண்டு ஜூன் 16ஆம் நாள் மருது சகோதரர்களின் பெயரால் திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்ட அறிக்கையை நோக்கினால், போர் எவ்வளவு தூரம் தன் மூலகாரணத்தை விட்டு நகர்ந்துவிட்டது என்பது புலப்படும். அது எந்த ஒரு பாளையத்தின் வழக்கையும் பேசவில்லை. ஜம்புத்வீபத்து ஜாதியார் அனைவரையும் விளித்து, நவாபின் அறியாமையால் நாடு அந்நியர் கையிற் போனதைக் கூறி, அவரவர் பூர்வ உரிமை அவரவர்க்கு மீளவேண்டுமென்று அறைகூவிற்று. ஒரு தேசம் முழுவதையும் நோக்கிப் பேசிய அவ்வறிக்கை வேண்டியது புதிய ராஜ்யத்தை அன்று. கலைந்த அந்தப் பழைய ஒப்பந்தத்தைத்தான்.

விருப்பாட்சிமீது 1801 மார்ச்சில் கர்னல் இன்னஸ் படையெடுத்தான். பாளையம் வீழ்ந்தது, மலைக்குள் சென்ற கோபால நாயக்கர் சில வாரங்களுக்குள் பிடிபட்டு, அவ்வாண்டிலேயே திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார். அக்டோபர் 1ஆம் நாள் காளையார்கோவில் விழ, 24ஆம் நாள் திருப்பத்தூரில் மருதுபாண்டியர் இருவரும், நவம்பரில், திண்டுக்கல் சீமைக்குள் ஒதுங்கிப் பிடிபட்ட ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியிலும் மாண்டனர். தோற்ற பாளையத்தின் ஆட்கள் அடுத்த பாளையத்திற்குப் போய்ப் போரிடுவதும், அதுவும் வீழ்ந்தால் மலைக்கு ஏறுவதுமாக இப்போரின் நடை அமைந்திருந்ததைக் கவனிக்கவேண்டும். கம்பெனியார் ஒரு யுத்தத்தை வென்றுகொண்டிருப்பதாக நினைத்தனர். உண்மையில் அவர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பல சிறு யுத்தங்களை வெல்லவேண்டியிருந்தது.

முடிவை விரைவுபடுத்தியது தூக்குமரமன்று என்பது இக்கட்டுரையாளன் கருத்து. 1801 செப்டம்பரில், சிவகங்கைக் காட்டில் போர் நடந்துகொண்டிருந்தபோதே, கர்னல் அக்னியூ சோழபுரத்தில் கௌரி வல்லபரைச் சிவகங்கையின் அரசராக முறைப்படி அமர்த்தினான். மருது சகோதரர்கள் அரச குலத்தார் அல்லர் என்பது குடிகள் அறிந்தது. உரிமையுடைய ஒருவர் முன்னால் வந்தவுடன், எவரிடம் சரணடைவது என்ற சங்கடம் பலருக்கு நீங்கிற்று. அரசைக் கவிழ்த்தவர்களே ஓர் அரசனை உண்டாக்கி, அவனைக்கொண்டு போரை முடித்துக்கொண்ட இந்த உபாயம், ஒழுக்கத்தால் எத்தகையதாயினும், காரியத்தால் பானர்மனின் பிரகடனத்தைவிடப் பலித்தது. 1802இல் சிவகங்கையின் வேங்கை பெரிய உடையணத் தேவரும் மருதுவின் மகன் துரைசாமியும் உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டோர் பினாங்குத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டனர். எஞ்சிய பாளையங்கள் படையும் காவலும் இழந்து, சன்னது பெற்ற ஜமீன்களாயின. நெய்க்காரப்பட்டியும் ஆயக்குடியும் ஜமீன் ஊர்களாக 1948இன் ஜமீன் ஒழிப்புச் சட்டம்வரை விளங்கியது இந்த ஏற்பாட்டின் எச்சமே.

கண்டியில் ஓர் ஒப்புமை

இலங்கையில் இதே காட்சி வேறு வேஷத்தில் நடந்தது. கண்டியின் கடைசி அரசன், மதுரை நாயக்கர் வழியில் வந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், தன் பிரதானிகளே ஆங்கிலேயரோடு சேர்ந்துகொண்டதால் 1815 பிப்ரவரியில் பிடிபட்டான். மார்ச் 2ஆம் நாள் உடன்படிக்கையில் அப்பிரதானிகள் கையெழுத்திட்டனர். அரசன் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். ஒரு குண்டும் வீணாகாமல் முடிந்த இந்த ஆட்சி மாற்றத்திற்குப் பின், 1817இல் ஊவாவில் கலகம் வெடித்தது. அதன் முகமாக நின்றவன், தன்னை நாயக்க அரச குலத்துத் துரைசாமி என்று சொல்லிக்கொண்ட ஒரு முன்னாள் பிக்கு. அதனை அடக்க அனுப்பப்பட்டு, கலகக்காரரோடு சேர்ந்துகொண்டவன் கெப்பெட்டிபொல திசாவை. எந்த நாயக்க வம்சத்தை வேண்டாமென்று மூன்றாண்டுகளுக்கு முன் தள்ளினார்களோ, அதே வம்சத்தின் பெயரால் சிங்களப் பிரதானிகள் போரிட்டது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் அவர்கள் தள்ள விரும்பியது ஓர் அரசனை, அரசன் என்ற ஸ்தானத்தையன்று. கடலுக்கு அப்பாலிருந்து ஆளும் ஓர் அலுவலகத்தை வணங்கத் தங்களுக்குத் தெரியாது என்பதை அவர்கள் தாமதமாகவே கண்டுகொண்டனர். 1818 நவம்பரில் கெப்பெட்டிபொல தலை வெட்டப்பட்டு மாண்டான். அம்மாதமே பிரதானிகளின் சலுகைகளும் பெரிதும் குறைக்கப்பட்டன.

எதிர் உதாரணங்களும் உண்டு. போர்ச்சுகலில் 1974 ஏப்ரல் 25ஆம் நாள் ராணுவத்தினர் தம் அரசையே கவிழ்த்தது ஆப்பிரிக்கப் போர்களை முடிப்பதற்காகத்தான். அரசைக் கவிழ்த்தவர்களே போரில் ஈடுபட்டிருந்த தரப்பினராகையால், நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் அவர்களிடமே இருந்தது. அங்கோலாவிலோ, அவர்கள் விலகுமுன்னரே, விடுதலைக்குப் போராடிய இயக்கங்கள் தமக்குள் பொருதத் தொடங்கின.

காலவரையறை

திண்டுக்கல், கொங்குப் போரின் முடிவாண்டைக் குறிப்பதில் ஆசிரியர்கள் வேறுபடுவர். மருதுபாண்டியர் மறைந்த 1801ஐக் கொள்வது பெருவழக்கு. அதனைக் கொண்டால் தீரன் சின்னமலை வெளியே நிற்பார். திப்புவின் பக்கம் நின்று பழகி, அவர் வீழ்ந்தபின் ஓடாநிலையில் கோட்டை அமைத்துக் கம்பெனியை எதிர்த்த அவர், பழனியை அடுத்த கருமலையில் சமையற்காரனின் துரோகத்தால் பிடிபட்டதாகக் கொங்கு மரபு கூறும். 1805 ஜூலை 31ஆம் நாள் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். வயநாட்டில் பழசி ராஜா வீழ்ந்ததும் அவ்வாண்டு நவம்பரில்தான். வேலூர்க் கலகத்தையும் சேர்த்து 1806 என்பாரும் உளர். ஆயினும் அது கம்பெனியின் சொந்தப் படையில், வேறு காரணங்களும் கலந்து எழுந்ததாகையால், அதனைத் தனியே வைத்து, 1805ஐ எல்லையாகக் கொள்வதே பொருத்தம்.